அம்மா சொல்லுவாள்

தம்பி,

இந்தக் காகிதம் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடுமா என்று கூரியர் கடையில் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் யாவாரி. எதிர்ப்பக்கம் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே என் பேச்சை மாற்றிக்கொண்டு போய்விடுவேன். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், மகன் என்பதற்காக அது ஒதுங்கி நிற்காது. காகிதத்தில் உன் முகமும் தெரியாது, குரலும் கேட்காது. எழுதினால் எழுதினதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். சாமியார் ஆவதற்கு முந்தின படியான திருத்தொண்டர் பட்டம் வாங்குவதற்கு முன்னால், விவரம் தெரிந்த நாளிலிருந்து செய்த எல்லாவற்றையும் சேர்த்து சாமியாரிடம் முழுப் பாவசங்கீர்த்தனம் ஒன்று செய்யப்போவதாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றாய். "அம்மா விசயத்தையும் சொல்லிறப் போறேம்ப்பா. அத இறக்கி வெச்சாத்தான் பட்டத்தன்னிக்கிப் பீடத்துக்கு முன்னால போயி என்னால குப்புறப் படுக்க முடியும்" என்றாய். நான் சரிப்பா என்றேன். அடுத்த வார்த்தையே, சொந்தக்காரர்களுக்கு ஒரு வேன் போதுமா இரண்டு வேண்டுமா என்று பேச்சைத் திருப்பிவிட்டேன். நீயும் பதில் சொன்னாய். போனை வைத்த பிறகு சோற்றில் கை வைக்க முடியவில்லை. நீ அங்கே கொண்டுபோய் இறக்கப்போகிற பாவம் உன்னுடையது இல்லை, தம்பி. அது என்னுடையது. ஒன்பது வருஷமாக அதை உன் தலையில் ஏற்றிவிட்டு நான் கையை வீசிக்கொண்டு நடக்கிறேன். எப்படி ஏற்றினேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

மே மாதம் லீவுக்கு நீ வந்திருந்தபோது, சாமியார் படிப்புக்குக் குருமடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தாய். கடையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தேன். பத்தாவது தாண்டாதவன் நான். பூசையில் பாடுகிற இரண்டு மூன்று லத்தீன் பாட்டுத் தவிர வேறு தெரியாது. அது என்ன, இது என்ன என்று சும்மா கேட்டுவைத்தேன். நீயும் சலிக்காமல் சொன்னாய். நடந்துபோனதைச் சொல்ல அந்தப் பாஷையில் வேறு வேறு உருவம் இருக்கிறதாம். ஒரு தடவை நடந்து முடிந்துபோனதற்கு ஒன்று. வழக்கமாக, திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. அதில் வினையோடு 'பாத்' என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும் என்றாய். அதற்கு உதாரணமாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தாய். வியாபாரி தினமும் பழம் விற்பான், வெந்தேபாத். "ஏலே, என்னையும் பாடத்துல போட்டுட்டியா" என்று கேட்டேன். நீ சிரித்தாய். நம் வீட்டு மேசையில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிருந்தது.

அதற்கு மேல் வரியில் ஒரு தடவை நடந்ததற்கான உதாரணம் இருந்தது. பக்கத்தில் தமிழிலும் எழுதியிருந்தாய். மாத்தெர் செமெல் டிக்ஸித். அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள். எதற்கு இந்த வாக்கியம் என்று கேட்டேன். நீ நிமிரவே இல்லை. "ஒரு தடவதானப்பா சொன்னாங்க. அதனால அந்த உருவம்" என்றாய். அவள் பல தடவை சொல்லியிருந்தால் என்ன வரும் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது, வாய் கேட்டுவிட்டது. டிச்சேபாத் என்றாய். சொல்லுவாள், சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம். "அது எப்ப ஆரம்பிச்சது, எப்ப முடிஞ்சதுன்னு அந்த உருவம் சொல்லாதுப்பா. பின்னால நடந்துக்கிட்டே கெடக்கும், அம்புட்டுத்தான்." இன்னொன்றும் சொன்னாய். தமிழில் 'சொல்லுவாள்' என்றால் பழைய வழக்கத்துக்கும் அதே சொல், நாளைக்குச் சொல்லப்போவதற்கும் அதே சொல். லத்தீனில் அந்தக் குழப்பம் கிடையாது என்றாய். நீ பாடத்துக்காகச் சொன்னாய். எனக்கு அது பாடமாகப் படவில்லை. அன்றிலிருந்து, நாலு மணிக்கு அவள் வந்து அடுக்களைச் சுவரில் சாய்வாள் என்று மனசுக்குள் நினைப்பு ஓடும்போதெல்லாம், மணி நாலா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் எப்படிப் பிழைத்தவன் என்று உனக்குத் தெரியும். சைக்கிள் காரியரில் இரண்டு கூடை கொய்யா கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் விற்றவன், நாகல் நகரில் கடை வைத்து, ஆயக்குடியில் மரத்துக் காயோடு தோப்பைக் குத்தகைக்குப் பிடிக்கிற அளவுக்கு வந்தேன். எந்தச் சாமர்த்தியத்தால் வந்தேன் என்பதை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. கொய்யா காத்திருக்காது. இன்றைக்குச் செங்காயாக இருப்பது நாளைக்குப் பழுக்கும், மறுநாள் அணில் கடிக்கும், அதற்கு மறுநாள் கீழே கிடக்கும். தோப்புக்காரன் ஒரு விலை சொன்னால் நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். பார்ப்போம் என்பேன். சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுவேன். இரண்டாம் நாள் அவனே போன் பண்ணுவான், குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்போதும் பார்ப்போம்தான். மூன்றாம் நாள் என் விலைக்கு வந்து நிற்பான். அவனைக் கரைத்தது நான் இல்லை, அவன் மரத்தில் பழுத்த பழம். முதலில் வாய்திறந்தவன் தானாக இறங்கி வருவான், நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும். அந்த ஒரே வித்தையில்தான் இந்த வீட்டைக் கட்டினேன். அதை வாசலில் செருப்போடு கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரத் தெரியாமல் போனதுதான் நான் செய்த பிழை.

உன் அம்மா சொல்லுவாள். நீ மதுரையில் காலேஜ் சேருவதற்கு முன்னாலிருந்தே சொல்லுவாள். சாயங்காலம் நாலு மணி வாக்கில், பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, அடுக்களை நிலைக்குப் பக்கத்துச் சுவரில் தலையைச் சாய்த்து நிற்பாள். இடது தாடையைக் கையால் அழுத்திக்கொள்வாள். "ஏங்க, நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குங்க" என்பாள். கை மரத்துப்போகிறது என்பாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பாள். கேஸ் என்பேன் நான். கடைக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை ஒரு அட்டை வாங்கி வந்து கொடுப்பேன். பெரிய டாக்டரிடம் போய்விட்டு வரலாமா என்று அவள் கேட்பாள். காய் வரத்து முடியட்டும், பார்ப்போம் என்பேன். இரண்டு நாள் கழித்து இப்போது எப்படி இருக்கிறது என்று நானே கேட்பேன், கேட்காமல் இருந்ததில்லை. தேவலைங்க என்பாள். பார்த்தாயா, இறங்கிவிட்டது என்று எனக்குள் ஒரு திருப்தி வரும், தம்பி. அந்தத் திருப்தி எனக்கு நன்றாகப் பழக்கமானது. மூன்றாம் நாள் தோப்புக்காரன் போன் வந்ததும் வருகிற அதே திருப்தி. வலி என்னோடு பேரம் பேசுகிறது, நான் ஜெயிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரத்து முடிந்து அடுத்த வரத்து வரும். அப்புறம் அடுத்தது. எத்தனை தடவை என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

அவள் போன அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் ஆயக்குடியில் இருந்தேன். நீ லீவுக்கு வந்திருந்தாய். அன்றைக்கு நடந்தது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ கட்டிலில் உட்கார்ந்து போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய். அவள் கதவோரம் வந்து நின்று, "அப்பு, அம்மாவுக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா. செத்த நேரம் பக்கத்துல உக்காரு" என்றாள். பத்து நிமிஷத்தில் வாரேம்மா என்று சொல்லிவிட்டு நீ வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். இருபது வயசுப் பையன் எவனும் அப்படித்தான் போவான். நீ திரும்பி வந்தபோது அவள் அடுக்களையில் விழுந்து கிடந்தாள். நான் பழனி ரோட்டில் பாதி தூரம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தோம். பாலசமுத்திரத்திலிருந்து அவள் அண்ணன், உன் மாமா, வந்திறங்கினார். தங்கச்சி காலைத் தொட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். அத்தனை பேர் நிற்கும்போதே கேட்டார். "ஏனுங்க மாப்ள, உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களா?" சொல்லலையே மச்சான், ஒரு வார்த்தை சொல்லலையே என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. சந்தையில் எவனாவது மடக்கிக் கேட்டால் என்ன வருமோ அது வந்தது. சொல்லி முடித்துத் திரும்பினால், நீ சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகம் அப்போது எப்படி மாறியது என்று எனக்குத் தெரியும். கண்ணுக்கு முன்னால் ஒரு மரம் வாடுகிற மாதிரி வாடியது. ராத்திரி என்னிடம் வந்து, "எங்கிட்ட மட்டும்தாம்ப்பா சொல்லியிருக்காங்க. நான் போயிட்டேன்" என்றாய். அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். உன் தோளில் கை போட்டு, அழாதே, யார் கண்டது, ஆண்டவர் சித்தம் என்றேன். ஆண்டவரையும் என் பொய்க்குக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். அவளுடைய தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் காலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. நான் வாங்கிக் கொடுத்தவை. ஒன்றைக்கூட எறியாமல் மடித்து மடித்து வைத்திருந்தாள், எதற்கு வைத்தாள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. இழுப்பறை முழுக்க இருந்தன. நீ மாடியில் படுத்திருந்தாய். அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக் கடைக்குக் கொண்டுபோய், அழுகல் பழம் போடுகிற கூடையில் கொட்டி, குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். முதல் பொய் தானாக வந்தது என்று மேலே எழுதினேன். இது தானாக வந்ததில்லை. தெரிந்து, யோசித்து, நீ கீழே இறங்கி வருவதற்குள் செய்தேன்.

காலேஜ் முடித்த கையோடு குருமடத்துக்குப் போகிறேன் என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு லாபமும் இருந்தது. மார்க்கெட்டில் என்னைச் சாமியாரோட அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் தராசைச் சந்தேகப்பட்டவன்கூட வணக்கம் சொன்னான். ஒரு பொய் சொன்னதற்கு இவ்வளவு மரியாதையா என்று சில நாள் எனக்கே பயமாக இருக்கும். நீ ஒவ்வொரு லீவிலும் இன்னும் கொஞ்சம் மெலிந்து, இன்னும் கொஞ்சம் பேச்சுக் குறைந்து வந்தாய். ஜெபத்தில் இருக்கிறான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

உன் பட்டத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தேன். அடுக்களை நிலைக்குப் பக்கத்தில், அவள் தலை சாய்த்து நின்ற உயரத்தில், தலையெண்ணெய் ஏறிய கறை ஒன்று உண்டு, நீயும் பார்த்திருப்பாய். பெயிண்டர் அடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கறை மேலே வந்துவிட்டது. இன்னொரு கை அடித்தார், அதற்கும் வந்தது. "எண்ண உள்ள எறங்கிருச்சுண்ணே. செதுக்கி எடுத்துட்டுப் பூசணும். ஒரு நாள் ரெண்டு நாள்ல புடிச்ச கற இல்ல இது" என்றார். அவர் தொழில்காரர், சுவரைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். செதுக்க வேண்டாம் என்று கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நாலு மணிக்கு நான் வீட்டில் இருப்பதைத் தவிர்க்கிறேன், தம்பி. கடையில் வேலை இல்லாவிட்டாலும் கடையில் இருக்கிறேன். ஒரு நாள் மறந்துபோய் இருந்துவிட்டேன். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. பக்கத்து வீட்டில்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்து ஒரு குரல் வரும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைத்தபோதுதான் பயம் பிடித்தது. பார்ப்போம் என்றுதான் வாயில் வந்திருக்கும்.

நீ ஞாயிற்றுக்கிழமை பேசிய பிறகு, திங்கட்கிழமை காலையில் பாலசமுத்திரத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் உன் மாமாவிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது; உன்னிடம் நேரே வரத் தைரியம் இல்லை என்றாலும் சரிதான். அவர் தென்னைக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன் மச்சான், அவள் வருஷக்கணக்கில் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றேன். மண்வெட்டியை ஓங்குவார், குறைந்தபட்சம் காறித் துப்புவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். வாய்க்காலை அடைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"தெரியுமுங்க மாப்ள. தெரிஞ்சுதான் கேட்டேன்."

அவரே மேலும் சொன்னார். "தங்கச்சி எங்கிட்டயும் போன்ல சொல்லுமுங்க. வாரத்துக்கு ஒருக்கா சொல்லும். நான் என்ன சொல்லுவேன், மாப்ளகிட்டச் சொல்லு அம்மணின்னு சொல்லுவேன். ஒரு நா பஸ் ஏறி வந்து கூட்டிட்டுப் போயிருக்கலாமுங்க. கட்டிக் குடுத்த வூட்டுல பூந்து நாம எதுக்குன்னு இருந்துட்டேன். நீங்க பொய் சொன்னப்ப நான் எந்த வாய வெச்சு உங்கள மறிக்கிறதுங்க?" பையன் முகத்தைப் பார்த்தீர்களா அன்றைக்கு என்று கேட்டேன். பார்த்தேன் என்று தலையை ஆட்டினார். அவர் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என்னிடம் சொன்னாள். அண்ணனிடம் சொன்னாள். இன்னும் யார் யாரிடம் சொன்னாளோ. நீ படிக்கிற பிள்ளை, உனக்குத் தெரியக் கூடாது என்று உன்னிடம் மட்டும் வருஷக்கணக்கில் மறைத்தாள். கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் கேட்காமல் போனதால்தான் அன்றைக்குக் கடைசியாக உன் கதவோரம் வந்து நின்றாள். எங்கள் எல்லோரையும் எத்தனையோ தடவை கேட்டாள், உன்னை ஒரே ஒரு தடவை கேட்டாள். அந்த ஒரு தடவைக்கு நீ ஒன்பது வருஷம் முழங்காலில் நிற்கிறாய். நாங்கள் இரண்டு பேரும் விருந்துச் சாப்பாட்டுக்கு வேன் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்பன் என்ற முறையில் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது, அதில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பாரத்தை இறக்குவதற்காகச் சாமியாராகப் போகாதே. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் பீடம் உன்னை இழுக்கிறதென்றால் போ, என் ஆசீர்வாதம் உண்டு. இழுக்கவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வா. ஊர் பேசும், இரண்டு மாசம் பேசிவிட்டு வேறு ஆளைப் பிடிக்கும். சாமியாரோட அப்பா என்ற பெயர் போனால் போகட்டும், அது நான் விலை கொடுத்து வாங்கின பெயர் இல்லை. இன்னொன்று, நீ குருப்பட்டமும் வாங்கிப் பாவசங்கீர்த்தனம் கேட்கிற கூண்டில் உட்கார்ந்தால், என்னைப்போல ஆட்கள் வந்து, ஒரு தடவை அப்படி நடந்துவிட்டது சாமி என்று சொல்லுவார்கள். நம்பாதே. யாவாரி சொல்கிற முதல் விலை அது. பொறுமையாக இரு, மீதி வரும்.

என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று இதில் எங்கேயும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி உன் மேல்தான் ஒரு பாரம் ஏறும். வெள்ளிக்கிழமை நீ சொல்ல எழுதி வைத்திருக்கிற காகிதத்தில் அம்மா பெயர் உள்ள வரியை அடித்துவிடு. அது மட்டும் செய். சனிக்கிழமை சாயங்காலம் நம் பங்குக் கோயிலில் நான் அதைச் சொல்லப் போகிறேன். பங்குச்சாமி உன்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவர். குனிந்து கேட்டுவிட்டு, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்பார், எத்தனை தடவை என்று. ஒன்பது வருஷமாக மற்ற எல்லாப் பாவத்துக்கும் ஒரு எண்ணிக்கை சொல்லியிருக்கிறேன். இதற்கு என்னிடம் எண்ணிக்கை இல்லை. அவள் சொல்லுவாள், சாமி, நான் தட்டிவிடுவேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பா